பதாயர் போகும் மாப்பிள்ளைக்கு, டயர் காற்று பற்றி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பழைய பிராடோ ஒன்று வாங்கியிருக்கிறீர்கள் என்று தங்கச்சி போட்டோ அனுப்பினாள். வண்டி நன்றாக இருக்கிறது. கூடவே உங்கள் கேள்வியும் வந்தது: "மச்சான், பதாயர் மணலுக்கு எவ்வளவு காற்று வைக்கணும்?" ஒரு எண்ணை மட்டும் அனுப்பிவிட்டுத் தூங்கியிருக்கலாம். பின்சீட்டில் பிள்ளைகள் உட்காரப் போகிறார்களே என்று மனசு கேட்கவில்லை.

ஷார்ஜாவுக்கு நான் வந்த புதிது. ஹத்தா ரோட்டோரம் பதாயரின் அந்தச் சிவப்பு மணல்மேட்டைப் பார்த்ததும் நம்ம ஊர்த் தேரிக்காடு ஞாபகம் வந்துவிட்டது. ரோட்டில் ஓட்டிவந்த 35 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தின் அளவு) காற்றோடு அப்படியே இறங்கினேன். ஐம்பதடி போயிருப்பேன். மிதிக்க மிதிக்கச் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டது. இரண்டு மணி நேரம் சாப்பாட்டுத் தட்டால் மணல் அள்ளினோம். அப்புறம் அந்த வழியே ஒரு பெரியவர் வந்தார். மணலைத் தொடவே இல்லை. வண்டிச் சாவியால் வால்வை அழுத்தி நான்கு டயரிலும் பாதிக்கு மேல் காற்றை இறக்கினார். வண்டி தானாக ஊர்ந்து வெளியே வந்தது.

கணக்கு எளிதுதான். இரண்டு டன் வண்டியில் ஒரு டயருக்குச் சுமார் 500 கிலோ. 35 பிஎஸ்ஐயில் அந்த டயர் தரையைத் தொடும் இடம் தோராயமாக 200 சதுர சென்டிமீட்டர், அதாவது ஒரு கை அளவு. 15க்கு இறக்கினால் 470ஐத் தாண்டும். எடை பரவுவதால் டயர் மணலில் அவ்வளவாகப் புதையாது. டயர் அகலமாகிவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். தடம் பெரும்பாலும் நீளவாக்கில்தான் வளர்கிறது.

ஆக, பதாயர் மணலுக்கு 15. சிக்கிக்கொண்டால் 12 வரை இறக்கலாம். 10க்குக் கீழே போனால் திரும்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் அபாயம் உண்டு. 15லேயே ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடிக்காதீர்கள்.

அதே 15ஐ ஹத்தா பக்கத்து வாதிகளுக்கு, அதாவது வறண்ட ஆற்றுப் படுகைகளுக்கு, எடுத்துப் போகாதீர்கள். அங்கே எல்லாம் கல். காற்று குறைந்த டயர் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கிப் பக்கவாட்டில் கிழிந்தால், பஞ்சர் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். 22 முதல் 25 வரை வைத்து மெதுவாகப் போகலாம். சப்கா என்கிற உப்புச் சேற்று நிலம் கண்ணில் பட்டால் காற்றைப் பற்றி யோசிக்காமல் வண்டியைத் திருப்பிவிடுங்கள்.

இதெல்லாம் கூட வரும் நண்பர்களே சொல்லிவிடுவார்கள். நான் எழுத உட்கார்ந்தது வீடு திரும்பும் வழிக்காக.

அன்று அந்தப் பெரியவரிடம் ஏர் கம்ப்ரசர் இல்லை, என்னிடமும் இல்லை. வண்டி வெளியே வந்த சந்தோஷத்தில் அதே 15 பிஎஸ்ஐயில் தார் ரோட்டில் ஏறி, நூறில் ஓட்டினேன். மதாம் ரவுண்டானாவுக்கு முன்பே ரப்பர் கருகும் வாடை. நிறுத்தித் தொட்டால் டயரில் கை வைக்க முடியவில்லை. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிர்கிறது. அதில்தான் சூடு பிறக்கிறது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் வெடித்திருக்கும்.

2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பல, ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டியில் ஓடியவை. ஃபோர்டு சொன்ன காற்று 26 பிஎஸ்ஐ, 30 வேண்டும் என்றது ஃபயர்ஸ்டோன். குறை டயரிலா வண்டியிலா என்று இருவரும் பெரிய சண்டை போட்டார்கள். நெடுஞ்சாலையில் நாலு பிஎஸ்ஐக்கே அவ்வளவு பேச்சு. நான் இருபது குறைவாக ஓட்டியிருக்கிறேன்.

அதனால் முதலில் கம்ப்ரசர் வாங்குங்கள், மேட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு வண்டி தெரிய மாட்டும் கொடிக்கம்பம் அப்புறம். சிகரெட் லைட்டரில் சொருகுவது வேண்டாம், பெரிய டயருக்குத் திணறும், ஃபியூஸும் போகும். பேட்டரியில் நேராகக் கவ்வுவது நல்லது.

ரோட்டுக்கு எவ்வளவு என்று நான் சொல்ல மாட்டேன். டிரைவர் கதவைத் திறந்தால் நடுத்தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அதுதான் கணக்கு. டயரின் பக்கச்சுவரில் இருப்பது அதிகபட்ச அளவு, அதைப் பிடித்துவிடாதீர்கள். அந்த ஸ்டிக்கர் அளவு, ஆறிய டயருக்கு. ஓடிவந்த டயரில் மூன்று நான்கு கூடுதலாகக் காட்டினால் அதை இறக்கக் கூடாது.

பழைய வண்டி என்பதால் இன்னொன்று. டயரில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. அப்படிப் பழையதாக இருந்தால் மணலும் வேண்டாம், ரோடும் வேண்டாம், முதலில் மாற்றுங்கள்.

வெள்ளி இரவு வீட்டுக்கு வாருங்கள், காற்று அளக்கும் என் கேஜைத் தருகிறேன். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நானும் என் வண்டியில் பின்னாலேயே வருகிறேன். சாப்பாட்டுத் தட்டு ஒன்று அதிகமாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள், சாப்பிடத்தான்.

அன்புடன்,
உங்கள் மச்சான்