லாஸ்ட் நேம் கட்டத்தில் முழிக்கும் தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ கேட்டதற்கு வாட்ஸாப்பில் பதில் அடிக்க ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. இதே படிவத்தின் முன்னால் இன்னும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கும் ஆகட்டும் என்று இங்கே எழுதுகிறேன். முதல் ஆராய்ச்சிப் பேப்பரை அனுப்பும் படிவத்தில் 'லாஸ்ட் நேம்' கட்டத்தில் என்ன போடுவது என்று கேட்டாய். அதோடு உன் கைடின் எச்-இண்டெக்ஸைச் சொல்லிப் பெருமூச்சும் விட்டாய். (எச்-இண்டெக்ஸ் 10 என்றால், குறைந்தது 10 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட பேப்பர்கள் 10 இருக்கின்றன என்று அர்த்தம்.)

என் கதை தெரியுமா? யோசிக்காமல் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டேன். இன்று கம்ப்யூட்டருக்குப் படம் பார்க்கக் கற்றுத்தரும் 'கம்ப்யூட்டர் விஷன்' பேப்பர்களில் மேற்கோள் காட்டப்படுவது என் அப்பா. போனில் படம் எடுத்தால் லென்ஸைக் கட்டைவிரலால் மறைக்கிற மனுஷன் அவர். அடுத்த பேப்பரில் புத்தி வந்து இனிஷியலை முன்னால் தள்ளினேன். பேப்பர்களைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலர் என்னை இரண்டு ஆளாக்கிவிட்டது.

நீ கிராபிக்ஸ் பாடத்தில் படித்த 'ஃபோங் ஷேடிங்'கை எடுத்துக்கொள், கம்ப்யூட்டர் வரையும் உருவத்தின் மேல் வெளிச்சம் விழுவதைக் காட்டும் வழி. அதைக் கண்டுபிடித்த மனிதரின் முழுப்பெயர் புய் துவோங் ஃபோங். 1942-இல் ஹனோயில் பிறந்தவர். வியட்நாமில் குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் கடைசியில். ஆங்கில வழக்கப்படி கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, சிலர் 'ஃபோங், பி.டி.' என்று எழுதினார்கள்; சிலர் 'புய்-துவோங், பி.' என்றார்கள். ஒரே ஆள், இரண்டு முகவரி. ஆனால் வேடிக்கை பார், வியட்நாமில் ஒருவரைச் சொந்தப் பெயரால்தான் அழைப்பார்கள். ஆக, நாம் தெரியாமலே அவரை ஊர்க்காரர்கள் மாதிரிதான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

யூட்டா பல்கலைக்கழகத்தில் 1973-இல் முனைவர் பட்டம் வாங்கினார். கம்ப்யூட்டரில் உருவங்களைச் சின்னச் சின்ன முக்கோணங்களால் கட்டுவார்கள். அதற்கு முன் கூரோ என்ற ஆய்வாளர் காட்டியிருந்த வழியில், முக்கோணத்தின் மூலைகளில் மட்டும் வெளிச்சத்தைக் கணக்கிட்டு, நடுவில் நிறத்தை நிரவுவார்கள். பளபளப்பு முக்கோணத்தின் நடுவில் விழுந்தால் போச்சு, காணாமலே போய்விடும். ஃபோங் நிறத்தை நிரவவில்லை. பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற திசையை நிரவி, ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சத்தைக் கணக்கிட்டார்.

பளபளப்புக்கு அவர் வைத்த சூத்திரம் இன்னும் எளிது. வெளிச்சம் தெறிக்கும் திசைக்கும் நீ பார்க்கும் திசைக்கும் இடையிலான கோணத்தின் கோசைனை எடு. ஒரு எண்ணின் அடுக்குக்கு உயர்த்து. எண் 50 என்று வை. 10 டிகிரி விலகினாலே ஒளி பாதிக்கும் கீழே. 30 டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. புளி போட்டுத் தேய்த்த பித்தளைச் செம்பில் ஒரு இடத்தில் மட்டும் சுள்ளென்று தெரியுமே, அதுதான். எண்ணைக் குறைத்தால் அந்தப் பொட்டு பரவி, தேய்க்காத செம்பு ஆகிவிடும். இயற்பியலிலிருந்து வந்த சூத்திரம் இல்லை இது. கண்ணுக்குச் சரியாக இருந்தது, அவ்வளவுதான். 1977-இல் ஜிம் பிளின் என்ற இன்னொரு கிராபிக்ஸ்காரர் இதைக் கொஞ்சம் மாற்றினார். கிராபிக்ஸ் நிரல் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் ஓபன்ஜிஎல்லுக்குள் வெகுகாலம் ஓடியது அந்த வடிவம்.

இப்போது உன் பெருமூச்சுக்கு வருகிறேன். அந்தச் சூத்திரம் அச்சில் வந்த பேப்பர் 1975-இல் ஏசிஎம் என்ற கணினியியல் சங்கத்தின் இதழில் வெளியானது. அதே ஆண்டு புற்றுநோயில் அவர் இறந்துபோனார், வயது 32. கிராபிக்ஸ்காரர்கள் அவர் பெயரில் எடுத்துக்காட்டுவது ஆய்வேடு, இந்தப் பேப்பர், ஃபிராங்க் குரோ என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து எழுதிய இன்னொன்று. மூன்றே மூன்று. எச்-இண்டெக்ஸ் கணக்கில், ஒருவரிடம் இருக்கும் பேப்பர் எண்ணிக்கையைத் தாண்டி அந்த எண் ஏறவே முடியாது. இந்த மூன்றையும் எத்தனை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் அவருக்கு 3-தான். உன் கைடு அவரைவிட எத்தனை மடங்கு என்று நீயே வகுத்துப் பார்த்துக்கொள். (கைடிடம் சொல்லாதே.)

சரி, கட்டத்துக்கு வருவோம். உன் பெயரை லாஸ்ட் நேமில் போடு, அப்பா பெயரை முன்னால் போடு. அப்பா கோபித்துக்கொண்டால் என்னிடம் பேசச் சொல். பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி இருந்தால் விசாவுக்கு ஒரு கடிதம் கேட்டாலும் கேட்கலாம், சமாளிக்கலாம். ஆர்கிட் எண் ஒன்று (பெயர் எப்படி மாறினாலும் ஆராய்ச்சியாளரை அடையாளம் காட்டும் எண்) இன்றைக்கே எடுத்துவிடு, இலவசம்தான். அப்புறம், ஆங்கிலத்தில் உன் பெயருக்கு ஒரு 'எச்' போடுவாயா போடமாட்டாயா என்பதை இப்போதே முடிவு பண்ணு. போன வாரம் அனுப்பிய டிராஃப்டில் இரண்டு மாதிரியும் இருந்தது.

அன்புடன்,
அண்ணன்