சட்டையை அங்கேயே விட்டுவிட்டு வா

அன்புள்ள குமரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, பார்த்துக்கிறேன்" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

அங்கே வந்திருந்தபோது உன் பூச்சிமருந்து பேக்டரி சட்டை பாப்பா துணியோடு மெஷினில் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் காலரிலும் கை மடிப்பிலும் வெள்ளைப் பொடி. பூச்சிமருந்து குடித்து வருகிறவர்களை வார்டில் பார்த்தே சர்வீஸைக் கழித்தவள் நான். அந்த வாடை எனக்குத் தெரியாதா?

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் ஹோப்வெல் என்றொரு ஊர். 1974-ல் ஒரு பழைய பெட்ரோல் பங்கில் கெப்போன் என்ற பூச்சிக்கொல்லியைத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். தொழிலாளிகளுக்குக் கை நடுங்கியது, கண்மணி நிலைகொள்ளாமல் துள்ளியது, விந்தணு குறைந்தது. ஒரு டாக்டர் நோயாளியின் ரத்தத்தை அட்லாண்டாவில் இருக்கும் அரசு நோய்த்தடுப்பு மையத்துக்கு அனுப்பிய பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. 1975 ஜூலையில் ஆலையை மூடினார்கள். பரிசோதித்த 133 பேரில் 76 பேருக்கு நோய். தொழிலாளிகளின் குடும்பத்தார் ரத்தத்திலும் கெப்போன் இருந்தது. அவர்கள் ஆலையில் வேலை செய்தவர்கள் இல்லை.

கெப்போன் பித்தத்தோடு குடலுக்கு வந்தாலும், அங்கிருந்து மறுபடி ரத்தத்துக்கே திரும்பிவிடும். கொலஸ்ட்ராலுக்குக் கொடுக்கும் கொலஸ்டைரமினைக் கொடுத்து, குடலிலேயே பிடித்து வெளியேற்றினார்கள். ரத்தத்தில் பாதியாகக் குறைய 165 நாள் எடுத்தது, 80 நாளாயிற்று.

"நாங்கள் செய்வது அசிபேட் என்ற வேறு பூச்சிமருந்து, உடம்பில் தங்காது" என்பாய். தங்காதுதான். ஆனால் நரம்பு ஒழுங்காக வேலை செய்யத் தேவையான கோலினெஸ்டிரேஸ் என்ற நொதியை முடக்கிவிட்டுப் போகுமே! சிவப்பணுவில் அது பழையபடி ஏற மாதக்கணக்காகும். அதற்குள் தினமும் கொஞ்சம் பட்டால் எங்கிருந்து ஏறும்? அதன் அளவு ஆளுக்கு ஆள் வேறு. மருந்து படாத காலத்தில் எடுத்த அளவு கையில் இருந்தால்தான் இப்போது குறைந்திருக்கிறதா என்று சொல்ல முடியும். வேலைக்குச் சேரும்போது உனக்கு எடுத்தார்களா? எடுத்திருந்தால் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கு. போபாலுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோதே மருத்துவப் பதிவேட்டைத் தொழிலாளி பார்க்கலாம் என்று எழுதிவிட்டார்கள். கெஞ்ச வேண்டியதில்லை.

ஷிப்ட் முடிந்ததும் அங்கேயே குளித்து, வேறு உடுப்பு மாற்றிக்கொண்டு கிளம்பு. செருப்பும் தனியாக இருக்கட்டும். சட்டையைத் துவைப்பது பேக்டரியின் பொறுப்பு என்று சூப்பர்வைசரிடம் சொல்லிக் கேள். அதுவரை தனி வாளி, கையுறை, நீயே துவை. மருமகளிடம் சொல்லியாகிவிட்டது, இனி அவள் அந்தச் சட்டையைத் தொடமாட்டாள்.

அன்புடன்,
அம்மா