காடு காய்ந்துவிட்டது, தீத்தடுப்பு வேலையை இப்போதே தொடங்குங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் காடுகளுக்கும் பேரிடர் காப்புக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். தை மாதத்தில் எங்கள் மலை எரிந்தது உங்களுக்குத் தெரியும். எங்கே பிடித்தது, எப்போது தகவல் வந்தது, எப்போது அணைந்தது என்பதெல்லாம் உங்கள் பதிவேட்டில் இருக்கும். அதை நான் திரும்ப விவரிக்கப் போவதில்லை. தோவாளை வட்டத்தில் மலையடிவாரத்தில் கொஞ்சம் பிச்சியும் வாழையும் வைத்துப் பிழைக்கிற விவசாயி நான். கேட்பது ஒன்றுதான். மழை எந்த வாரம் ஓய்கிறதோ அந்த வாரமே தீத்தடுப்பு வேலையைத் தொடங்குங்கள். பிப்ரவரி பிறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இந்த வருடம் வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் நன்றாகவே பெய்தது. கார்த்திகை பாதியில் நின்றது நின்றதுதான். மார்கழியில் பனி இல்லை, குளிர் இல்லை. சுசீந்திரம் தேரோட்டத்தில் வடம் பிடித்தவர்கள் பங்குனி வெயிலில் நிற்பதுபோல வியர்த்து நின்றார்கள். இரண்டாம் போகமான கும்பப்பூ நெல்லுக்குக் கடைசித் தண்ணீர் கிடைக்குமா என்று கடைமடைக்காரர்கள் கவலைப்பட்டார்கள். ஐப்பசி மழையில் ஆளுயரம் வளர்ந்த மலைப்புல், தை பிறக்கும்போது வைக்கோலாகிவிட்டது. மழையே பெய்யாத வருடத்தைவிட, நன்றாகப் பெய்து சட்டென்று நின்றுபோகும் வருடம்தான் மலைக்கு ஆபத்து. எரிவதற்கு வேண்டியதை அந்த மழையே வளர்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறது.

மாவட்டச் சராசரியை வைத்துப் பார்த்தால் இது தெரியாது. பாலமோரிலும் பேச்சிப்பாறையிலும் பெய்கிற மழை சராசரியைத் தூக்கி நிறுத்திவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய எங்கள் சரிவுகள் தென்மேற்குப் பருவமழையில் பெரிதாக நனைவதில்லை, காற்றுதான் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் இந்த மலை பச்சையாக இருக்கிறது. அது பாதியில் நின்றால் கோடை மழை வரும்வரை வேறு வழியில்லை. உடைமரமும் முள்ளும் புல்லுமாக நிற்கிற இந்தப் பக்கத்தையும், ஆறு ஓடுகிற குலசேகரம் பக்கத்தையும் ஒரே கணக்கில் எழுதினால் அந்தக் கணக்கு எங்களுக்கு உதவாது. மழையளவு தினமும் பூதப்பாண்டி, மயிலாடி, கொட்டாரம் என்று தனித்தனியாகத்தானே பேப்பரில் வருகிறது? அதைப் பார்த்தே முடிவெடுக்கலாம்.

அன்று இரவு நடந்ததில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். தகவல் சொன்ன இடத்தில், தீக்காலக் காவலர்களை இன்னும் வேலைக்கு எடுக்கவில்லை, அடுத்த மாதம்தான் எடுப்போம் என்றார்கள். சொன்னவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரிடம் இருந்த ஆட்கள் அவ்வளவுதான். தண்ணீர் வண்டி வந்தது. தார் ரோடு முடிகிற இடத்துக்கு மேல் அதால் ஏற முடியாது, தீ அதற்கும் வெகு மேலே எரிந்துகொண்டிருந்தது. சரி என்று ஊர்ப் பையன்களும் ஆடு மேய்ப்பவர்களும் ஏறினார்கள். மலைத்தீயைப் பச்சைக் கொப்பு ஒடித்து அடித்துத்தான் அணைப்பார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மலையில் ஒடிக்கப் பச்சைக் கொப்பு கிடைக்கவில்லை. மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றன. முள்ளை வைத்து எந்தத் தீயை அடிப்பது? திரும்ப ஊருக்குள் இறங்கி, வீட்டு வாசலில் நின்ற வேம்பையும் பூவரசையும் வெட்டி, கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து மறுபடி ஏறினார்கள். கொஞ்ச நேரம் அடித்ததும் இலை கருகிக் கொப்பு வெறும் குச்சியாகிவிடும். அப்புறம் அடுத்த கொப்பு. அது தீர்ந்தால் இறங்கி வர வேண்டும். பெண்கள் டார்ச் வெளிச்சத்தில் வெட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். விடியும்போது எங்கள் தெருவில் முழுசாக நின்ற மரம் ஒன்றுகூட இல்லை. ரப்பர் செருப்போடு ஏறிய ஒரு பையனுக்கு உள்ளங்கால் வெந்துவிட்டது. அவன் கல்லூரியில் படிக்கிறவன். காட்டைக் காப்பது அவன் வேலை இல்லை. அந்த வேலைக்கு ஆள் எடுக்க வேண்டிய நாள் இன்னும் வரவில்லை என்பதால் அவன் போனான்.

அவர்கள் உயிரோடு இறங்கி வந்தது காற்று தணிந்ததால்தான். மலைச்சரிவு பத்து டிகிரி கூடினால் தீ மேலேறும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. எரிகிற கட்டை உருண்டால் நிற்பவர்களுக்குக் கீழேயும் புதிதாகத் தீ பிடிக்கும், நடுவில் மாட்டிக்கொள்வார்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் புல் மூடிய சரிவில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்களின் உயிர்கள் எப்படிப் போயின என்பதை இந்த மாநிலம் பார்த்திருக்கிறது. அதற்கு அப்புறமும் கணவாய்க் காற்று வீசுகிற ஒரு மலைக்கு, பயிற்சி இல்லாத பையன்களை இருட்டில் அனுப்பும் நிலையில் எங்களை விட்டிருக்கிறீர்கள்.

குளிர்காலத்தில் காட்டுத்தீ வருமா என்று கேட்பவர்களுக்கு லாஸ் ஏஞ்சல்ஸைச் சொல்கிறேன். 2025 ஜனவரி 7 அன்று அங்கே தீ பிடித்தது. அது அவர்களுக்கு மழைக்காலம். அதற்கு முந்தைய இரண்டு குளிர்காலங்களில் நல்ல மழை பெய்து புதர் செழித்திருந்தது. பிறகு மாதக்கணக்கில் மழை இல்லாமல் எல்லாம் காய்ந்தது. உள்நாட்டுப் பாலைவனப் பக்கத்திலிருந்து வறண்ட காற்று மலை இடுக்குகள் வழியாகக் கடலை நோக்கிப் பாய்ந்தது. 16,000க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் அழிந்தன, முப்பது பேர் அளவில் இறந்தார்கள். அந்தக் காற்று வருமுன்னே அங்குள்ள வானிலைத் துறை எச்சரித்திருந்தது, அப்படியும் இவ்வளவு இழப்பு. நம் மலையும் அவர்கள் மலையும் ஒன்றல்ல. ஆனால் நல்ல மழை, திடீர் வறட்சி, கணவாய்க் காற்று என்ற மூன்றும் எங்களிடமும் சேர்ந்து வருகின்றன. நம் நாட்டிலும் 1901க்குப் பிறகு மிக வெப்பமான பிப்ரவரி என்று 2025 பிப்ரவரியைத்தான் இந்திய வானிலைத் துறை பதிவு செய்தது. காலம் முன்னே நகர்ந்துவிட்டது. உங்கள் வேலைத்திட்டமும் முன்னே நகர வேண்டும்.

எச்சரிக்கை உரியவரிடம் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது கடலில் இருந்தவர்களுக்குத் தகவல் போகவில்லை. கடற்கரை ஊர்களில் அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை. மலையோரத்திலும் அப்படி ஒன்று நடந்த பிறகுதான் விழிக்கப் போகிறோமா?

வேறொன்றும் மனதை அரிக்கிறது. நான்குவழிச்சாலைக்காகக் குளங்களின் நடுவே மண் கொட்டினார்கள். மலைகளை உடைத்துக் கல்லும் ஜல்லியும் ஏற்றிய லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. இதற்கெல்லாம் வேண்டிய அனுமதி, வழி, ஆள், இயந்திரம் எல்லாம் நேரத்துக்குக் கிடைக்கின்றன. மலையைக் காக்கக் கொஞ்சம் கூலி ஆட்களை ஒரு மாதம் முன்னே எடுங்கள் என்றால் மட்டும் உத்தரவு வரவில்லை, நிதி வரவில்லை என்கிறார்கள். மலை எரிந்து மொட்டையானால் அடுத்த மழையில் சாம்பலும் மண்ணும் எங்கள் குளத்துக்குத்தான் வரும். ஏற்கனவே தூர்ந்த குளம் அது. அசம்பு மலைத்தொடரின் உச்சிப் புல்வெளிகளில் மேய்கிற வரையாடு நம் மாநில விலங்கு. அதற்கும் இந்த மலைதான் வீடு. தீயில் மேய்ச்சல் போனால் மிளா என்கிற காட்டு மான்கள் தோட்டத்துக்கு இறங்கும், அப்புறம் அதுவே வேறொரு புகாராக உங்கள் மேசைக்கு வரும்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். வேண்டுவதைப் பணிவாகவே சொல்கிறேன். மழை ஓய்ந்த வாரமே தீத்தடுப்புக் காவலர்களை வேலைக்கு எடுங்கள். மலையையும் அதன் தடங்களையும் அறிந்த உள்ளூர் ஆட்களையும் மலைவாழ் பழங்குடிகளான காணிக்காரர்களையும் எடுத்து, பூட்ஸ், தலைவிளக்கு, அடிக்கும் கருவி கொடுத்து, கூலியைத் தாமதமில்லாமல் கொடுங்கள். மழையில் புல் மூடிப்போன தீத்தடுப்புக் கோடுகளை, அதாவது தீ தாண்டாதபடி வெட்டி வெறுமையாக்கி வைக்கும் பட்டைகளை, புல் காய்வதற்கு முன்பே வெட்டிச் சுத்தம் செய்யுங்கள், காய்ந்த பிறகு அங்கே அரிவாள் பட்டுத் தெறிக்கும் பொறியே போதும். டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் பார்த்துக் குறுஞ்செய்தியாகத் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. எங்கள் ஊராட்சித் தலைவர்களையும் வார்டு உறுப்பினர்களையும் அதில் பதிவு செய்ய உதவுங்கள். ஆனால் அந்தச் செயற்கைக்கோள்கள் ஒரு நாளில் சில முறைதான் நம் தலைக்கு மேல் கடக்கின்றன, மரத்தடியில் ஊர்கிற சின்னத் தீ அவற்றின் கண்ணுக்குத் தப்பலாம். மலையில் ஆள் இருந்தால்தான் அது தெரியும். எனவே திரும்பத் திரும்ப அதையே கேட்கிறேன், ஆட்களை இப்போதே எடுங்கள்.

எங்கள் பக்கமும் கடமை உண்டு. சரணாலயத்தில் ஆபத்து வரும்படி தீ மூட்டுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி குற்றம் என்பதை ஊர்க்கூட்டத்தில் சொல்லியிருக்கிறோம். வரப்பு எரிப்பதையும் மலையோரம் குப்பை கொளுத்துவதையும் வைகாசி வரை நிறுத்தி வைக்கப் பேசி முடித்திருக்கிறோம். பீடியைப் பற்றிப் பேசத்தான் இன்னும் சிரமமாக இருக்கிறது.

மாசி, பங்குனி, சித்திரை மூன்றும் இன்னும் பாக்கி இருக்கின்றன. இந்த வாரத்திலேயே ஓர் அதிகாரி நேரில் வந்து எந்தெந்தக் கோடு மூடிக் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். வழிகாட்ட எங்கள் ஊரிலிருந்து ஆட்கள் வருவார்கள். வெயில் ஏறுமுன் ஏறிவிட்டால் நல்லது, காலை ஆறு மணிக்குக் கோயில் முக்கில் காத்திருப்போம்.

இப்படிக்கு,
தோவாளை வட்டத்து மலையடிவார விவசாயி ஒருவர்