முறைப்பாடு: பிழை ஸ்பீக்கரில், என் பாட்டில் இல்லை

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் காலி வீதிக் கடையில் 285,000 ரூபா கொடுத்து ஒரு ஹைஃபை செட் வாங்கினேன். அம்ப்ளிஃபயர், சீடி பிளேயர், தாங்கியில் வைக்கிற சின்ன ஸ்பீக்கர் இரண்டு, ஒரு சப்வூஃபர். அதில் வலப்பக்க ஸ்பீக்கருக்கு உள்ளே வயர் மாறிப் பூட்டப்பட்டிருக்கிறது. இரண்டு தரம் போனில் சொன்னேன், ஒரு தரம் உங்கள் டெக்னீஷியன் வீட்டுக்கே வந்து பார்த்தார், மூன்று தரமும் ஒரே பதில்தான்: செட்டில் ஒன்றும் இல்லை, நீங்கள் போடுவது பழைய பாட்டு, அது அப்படித்தான் கேட்கும். இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியாது. ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன், அந்தத் தம்பிக்கும் வாசிக்கக் கொடுங்கள்.

முதல் இரண்டு கிழமை எனக்கே இது பிடிபடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகள் போனில் இருந்து புளூடூத்தில் கேட்பதெல்லாம் தாளம் இடிக்கிற டான்ஸ் பாட்டுகள். அந்த இடி சின்ன ஸ்பீக்கரில் இருந்து வருவதில்லை, கீழே மூலையில் இருக்கும் சப்வூஃபரில் இருந்து வருகிறது. அதனால் சின்ன ஸ்பீக்கர் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றாலும் இடி குறையாது. சினிமாப் பாட்டுப் போட்டால் இன்னும் ஏமாற்று. வயலின் கூட்டம் ஒரு பக்கம், கிற்றார் ஒரு பக்கம் என்று பதிவிலேயே பிரித்து வைத்திருப்பார்கள், ஸ்பீக்கர் ஒன்று எதிர்மாறாக வேலை செய்யும்போது அது அறை முழுக்கப் பரந்ததுபோல் இருக்கும். "நல்ல விசாலமா இருக்கு அப்பா" என்றாள் மகள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பாடுகிறவரின் குரல் மட்டும் ஏதோ மெலிந்து, தொண்டைக்கு மேலே இருந்து பாடுவதுபோல இருந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அப்பாவின் நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டேன். அப்பா வானொலியில் இருந்து கசெட்டில் பிடித்து வைத்தது, நான் சீடியாக மாற்றி வைத்திருக்கிறேன். மத்திய அலையில் வந்த மோனோ ஒலிபரப்பு, இரைச்சல் உண்டு, உச்சத்தில் மங்கல் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முப்பது வருடமாக அதை எத்தனையோ செட்டுகளில் கேட்டவன் நான். தவிலில் வலந்தலைப் பக்கம் கூடு போட்ட விரல்கள் விழும் வெடிப்பு நடுவில் சரியாகக் கேட்டது. தொப்பி என்கிற மறுபக்கத்தில் குச்சி விழும்போது நெஞ்சில் ஒரு கனம் தட்ட வேண்டும், அதைக் காணோம். நாதஸ்வரத்தின் கூர்மை ஓர் இடத்தில் நிற்கிறது, அதன் உடம்பு எங்கேயென்று தெரியவில்லை. தவில் மேதை தெட்சணாமூர்த்தி வாசித்த மண்ணில் இருந்து வந்தவர்கள் நாங்கள், தவிலில் தொப்பி இல்லாமல் போனால் காது சும்மா இருக்காது.

உங்கள் டெக்னீஷியன் என்ன செய்தார் தெரியுமா? தன் போனில் இருந்து ஒரு டான்ஸ் பாட்டைச் சத்தமாகப் போட்டு, சப்வூஃபர் மேல் கையை வைத்து, "பாருங்கோ அங்கிள், பேஸ் நல்லா வருது" என்றார். என் சீடியை அரை நிமிடம்கூடக் கேட்கவில்லை. மோனோ என்று சொன்னதும் முடிவு கட்டிவிட்டார். இதுதான் எனக்கு மிகவும் மனவருத்தம். ஸ்பீக்கர் சோடியைச் சோதிக்க மோனோவைவிட நல்ல பதிவு கிடையாது. இரண்டு பக்கத்துக்கும் போவது ஒரே சிக்னல், ஆகவே சத்தம் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவே ஓர் இடத்தில் நிற்க வேண்டும். பழைய பதிவு சத்தத்தை மங்கலாக்கும், சரி. இடம் பெயர்க்க அதனால் முடியாது.

அவர் போன பிறகு நானே பார்த்தேன். அம்ப்ளிஃபயரில் இருந்து வயர்களைக் கழற்றி, முன்பக்க வலைத்துணியை எடுத்துவிட்டு, 1.5 வோல்ட் பென்டோர்ச் பற்றரி ஒன்றை இடப்பக்க ஸ்பீக்கரின் முனைகளில் தொட்டேன், பற்றரியின் பிளஸ் சிவப்பு முனையில். டக் என்ற சத்தத்தோடு வூஃபரின், அதாவது கீழ்ச்சுரங்களைத் தரும் பெரிய வட்டத்தின், கூம்பு மயிரிழை அளவு வெளியே தள்ளியது. வலப்பக்கத்திலும் அதே பற்றரி, அதே சிவப்பு முனை: கூம்பு உள்ளே இழுத்தது. மனைவியைக் கூப்பிட்டு விளக்குப் பிடிக்கச் சொல்லி எட்டுப் பத்துத் தரம் செய்தேன், ஒரு தரமும் மாறவில்லை. ஒன்று காற்றைத் தள்ள மற்றது இழுத்தால் கீழ்ச்சுரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். தொப்பியின் கனமும் ஆண் குரலின் அடிப்பாகமும் போனது அப்படித்தான்.

பின்னால் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிப் பூட்டினால் போதுமே என்று எழுதிவிடாதீர்கள். அதையும் செய்து பார்த்தேன். தொப்பி அந்த நிமிடமே திரும்பி வந்தது, கண் கலங்கிவிட்டது எனக்கு. ஆனால் நாதஸ்வரத்தின் கூர்மை நடுவில் இருந்து நழுவிப் பரந்துவிட்டது, வாய்ப்பாட்டுச் சீடியில் தம்புராவின் ரீங்காரமும் வயலினின் வில்லுரசலும் அதேபோலப் பரந்துவிட்டன. அப்படியென்றால் முழு ஸ்பீக்கரும் எதிர்மாறு இல்லை, உள்ளே வூஃபர் மட்டும் மாறிப் பூட்டப்பட்டிருக்கிறது. வெளியே வயரை மாற்றினால் வூஃபர் சரியாகும், உச்சச் சுரங்களைத் தரும் ட்வீட்டர் பிழையாகும். பெட்டியைத் திறந்தால் சரி செய்யலாம்தான், ஆனால் பின்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் கிழிந்தால் வொரன்டி போய்விடும் என்று உங்கள் அட்டையிலேயே இருக்கிறது. நான் கை வைக்க மாட்டேன்.

எனக்கு வேண்டியது இதுதான். வலப்பக்கத்தை மட்டும் மாற்றாமல், சரிபார்த்த ஒரு புதுச் சோடியாகத் தாருங்கள். வீட்டுக்கு வந்து பார்த்ததற்கு வாங்கிய 3,500 ரூபாவைத் திருப்பித் தாருங்கள், அந்தத் தொகைக்கு யாரும் எதையும் பார்க்கவில்லை. அப்புறம், புதுச் சோடியைக் கொடுக்க முன்னர் உங்கள் கடையிலேயே என் சீடியைப் போட்டு, சப்வூஃபரை நிறுத்திவிட்டு, என் முன்னால் கேட்டுக் காட்டுங்கள். வெள்ளவத்தையில் இருந்து பஸ்ஸில் வந்துவிடுவேன், அது எனக்குச் சிரமமில்லை. உங்களிடம் சங்கீதம் கேட்க, பைலா கேட்க, சேர்ச் பாட்டுக் கேட்க எத்தனையோ பேர் செட் வாங்குகிறார்கள். இனி அவர்களுக்கும் ஒரு தனிக் குரலைப் போட்டுக் காட்டிக் கொடுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்துப் பதினான்கு நாட்களுக்குள் பதில் வேண்டும். வராவிட்டால் பற்றுச்சீட்டின் பிரதியோடும், பற்றரியை வைத்து எடுத்த இரண்டு வீடியோக்களோடும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் போவேன். வீடியோக்களை உங்கள் வட்ஸ்அப் இலக்கத்துக்கு நேற்றே அனுப்பிவிட்டேன். இரண்டாவதில் கூம்பு உள்ளே போவது வடிவாகத் தெரியும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாடிக்கையாளர்