வேலையிடத்தில் கடலையும் பஞ்சாரயடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆணும் பெண்ணும் சேர்ந்து வேலை பார்க்கும் இடத்தில் சிரிப்பும் கிண்டலும் இருக்கத்தான் செய்யும். எங்கள் கம்பம் ஊரில் அதைக் கடலை போடுவது என்கிறோம். மலையேறிக் கேரளாவில் உள்ள குமுளிக்குப் போனால் அதற்குப் பஞ்சாரயடி என்று பேர். பஞ்சார என்றால் மலையாளத்தில் சர்க்கரை. இரண்டு ஊர்க்காரர்களும் தின்கிற பொருளின் பேரையே இதற்கு வைத்திருக்கிறார்கள் என்றால், அளவோடு இருக்கும்வரை இது இனிப்பான விஷயம் என்றுதான் எல்லாரும் நினைத்திருக்கிறார்கள்.

ஆனால், புகார் வந்துவிடுமோ என்ற பயத்தில் சில நிர்வாகங்கள் 'ஆண், பெண் பணியாளர்கள் தேவையின்றிப் பேசக் கூடாது' என்று நோட்டீஸ் ஒட்டிவிடுகின்றன. வேறு சில இடங்களில் 'எல்லாம் விளையாட்டுக்குத்தானே' என்று எதையும் கண்டுகொள்வதில்லை. இரண்டிலும் நஷ்டம் பெண்களுக்குத்தான். பேச்சையே தடுத்துவிட்டால், தொழில் சொல்லிக்கொடுக்க வேண்டிய மேஸ்திரி பெண்ணைக் கண்டால் ஒதுங்கிப் போகிறார். கணக்கு எழுதவும், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளவும் 'ஆம்பளை ஆளே போதும்' என்று முடிவு செய்கிறார்கள். அதனால் சிரித்துப் பேசுவதைத் தடை செய்யாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். முதலில் பார்க்க வேண்டியது ஒன்று: கேட்டுக்கொண்டிருப்பவரால் பதிலுக்குப் பதில் பேச முடிகிறதா?

ஏலக்காய் தரம் பிரிக்கும் இடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே கூலிக்கு, ஒரே வரிசையில் உட்கார்ந்து காய் பிரிக்கும் இருவர் ஒருவரையொருவர் வாருவது வேறு. அன்றைய ஆள்கணக்கை எழுதுகிறவர் வந்து வாருவது வேறு. முன்னவரிடம் 'போய்யா, வேலையைப் பாரு' என்று சொல்லிவிடலாம். பின்னவரிடம் அப்படிச் சொன்னால் நாளைக்கு வேலை உண்டா என்ற கவலை வருகிறது. அப்போது அந்தப் பெண் சிரித்தால், அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கணக்கு எழுதுகிறவர், சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறவர், லீவு தருகிறவர், ஷிப்ட் போடுகிறவர் ஆகியோர் தங்களுக்குக் கீழே உள்ளவரிடம் கடலை போடாமல் இருப்பதே சரி. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்த இடத்தில் அவருக்கு உண்மையான பதில் கிடைக்காது.

தினமும் விடியும் முன்பே குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மூன்று பாதைகளிலும் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிறது. முன் சீட்டில் யார் உட்காருவது என்பதை டிரைவரோ, ஆள் கூட்டிப் போகிறவரோ தீர்மானிக்கிறார்கள். 'நீ முன்னாடி வா' என்று தினமும் ஒரே பெண்ணைக் கூப்பிட்டால், கூப்பிடுகிறவர் அதை அக்கறை என்று நினைக்கலாம். பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறவர்கள் வேறு மாதிரி நினைப்பார்கள். அந்தப் பேச்சைச் சுமக்கப்போவது அந்தப் பெண். முன் சீட்டை முறை வைத்து மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை பாதி தீரும். வேலைக்குக் கூட்டிப்போக முதலாளி ஏற்பாடு செய்த வண்டியும் சட்டப்படி வேலையிடம்தான். 'தோட்டத்துக்கு வெளியே நடந்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

எல்லைப் பக்கத்தில் பாஷையும் ஒரு சிக்கல். ஏலக்காய் வியாபாரத்தில் நாள் முழுக்கப் புழங்கும் சொல் 'சரக்கு'. கையில் காயை அள்ளி, உள்ளங்கையில் உருட்டி, பச்சை நிறத்தையும் பருமனையும் பார்த்துக்கொண்டே 'சரக்கு நல்லா இருக்கு' என்று சொன்னால் அது தொழில். அதே மூன்று சொல்லைக் காயைப் பார்க்காமல், எதிரே பிரித்துக்கொண்டிருக்கும் பெண்ணைப் பார்த்துச் சொன்னால் அது வசை. தமிழிலும் மலையாளத்திலும் அந்தச் சொல்லுக்கு அந்தக் கெட்ட அர்த்தம் உண்டு என்பது சொன்னவருக்குத் தெரியும், கேட்டவருக்கும் தெரியும், பக்கத்தில் சிரித்தவருக்கும் தெரியும். 'நான் காயைத்தான் சொன்னேன்' என்ற சமாதானம் அங்கே நிற்காது. விசாரிக்கிறவர்கள் சொன்ன சொல்லோடு நிறுத்தாமல், அப்போது அவர் கண் எங்கே இருந்தது, கையில் காய் இருந்ததா என்றும் கேட்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் வரும். மலையாளி மேற்பார்வையாளர் 'மோளே' என்றால் மகளே என்று அர்த்தம். வயதில் மூத்தவர்கள் சாதாரணமாகச் சொல்வது. 'பெண்குட்டி' என்பதும் அங்கே மரியாதையான சொல். தமிழ்க் காதில் 'குட்டி' என்று மட்டும் விழுந்தால் சுருக்கென்று தைக்கும். இன்னொன்று, 'சேட்டா'. நம் பக்கத்துப் பெண் ஒருவரை 'அண்ணே' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டால், அது பெரும்பாலும் மரியாதையாகப் போட்ட வேலி. நேற்று வரை சார் என்றவர் இன்று அண்ணே என்றால், அதைப் புரிந்துகொண்டு பேச்சைக் குறைத்துக்கொள்வது நாகரிகம். மலையாளத்தில் சேட்டன் என்றாலும் அண்ணன்தான். ஆனால் மனைவி கணவனைக் கூப்பிடுவதும் அதே சொல்லால்தான். அதனால் கடையிலோ ஆபீசிலோ ஒரு மலையாளப் பெண் 'சேட்டா' என்றதும் நம் பையன்கள் சிலர் மனக்கோட்டை கட்டிவிடுகிறார்கள். அவர் டீக்கடைக்காரரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

சரி, எது நல்ல பேச்சு? பாராட்டினால், வேலையையோ அவர் தேர்ந்தெடுத்த பொருளையோ பாராட்டலாம். 'கணக்கை ஒரு பைசா பிசகாமல் முடிச்சிட்டீங்களே', 'சேலை நிறம் நல்லா இருக்கு' என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அதே சேலையைப் பற்றி, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, 'இந்தச் சேலையில நீங்க...' என்று இழுத்தால் பேச்சு உடம்புக்குப் போய்விட்டது. உயரம், எடை, நிறம், கல்யாணம், குழந்தை இதெல்லாம் எதிராளியே எடுத்தால் தவிர, தொடக் கூடாத பேச்சு.

வெளியே டீ குடிக்கக் கூப்பிட வேண்டும் என்றால் ஒரு தடவை கூப்பிடலாம். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே 'மாட்டேன்' என்று சொல்வதில்லை. 'பார்க்கலாம்', 'அப்புறம் வர்றேன்', 'வீட்ல தேடுவாங்க' எல்லாமே மாட்டேன்தான். மலையாளத்தில் 'நோக்காம்' என்றாலும் பெரும்பாலும் அதுதான். வர விருப்பம் இருப்பவர் 'இன்னிக்கு முடியாது, வெள்ளிக்கிழமை போலாமா?' என்று தானே ஒரு நாள் சொல்லுவார். நாள் வரவில்லை என்றால் மறுபடி கேட்கக் கூடாது. வாட்ஸ்அப்பிலும் இதே கணக்கு. நீங்கள் அனுப்பிய ஐந்துக்கு அவரிடமிருந்து ஒரு 'ம்' மட்டும் வருகிறது என்றால் நிறுத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது. வேலை நேரம் முடிந்த பின் தனிச் செய்தி, அதிலும் ராத்திரி பத்து மணிக்கு மேல் பூப்படமும் இதயக்குறியும் வேண்டவே வேண்டாம்.

பிடிக்கவில்லை என்றால் சிறியதாக, தெளிவாகச் சொல்லலாம்: 'இந்த மாதிரிப் பேச்சு எனக்குப் பிடிக்கலண்ணே. வேலை விசயம் மட்டும் பேசுங்க.' கேட்டவர் 'சரிம்மா, இனிப் பேசல' என்று சொல்லி அதோடு விட வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஏன் என்று விளக்கம் கேட்பார்கள்; நண்பரைத் தூது அனுப்புவார்கள்; கோபித்துக்கொண்டு வேலை விஷயத்தைக்கூடப் பேசாமல் முறைப்பார்கள். முதலில் நடந்தது தவறிச் சொன்ன சொல்லாக இருக்கலாம். இந்த மூன்றும் தெரிந்தே செய்வது.

இருவரும் மனமொத்துப் பழகினால் அதில் நிர்வாகத்துக்கு வேலை இல்லை. ஒருவரின் சம்பளமோ ஷிப்டோ மற்றவர் கையில் இருந்தால் அந்தப் பொறுப்பை மட்டும் மூன்றாம் ஆளிடம் மாற்றினால் போதும்.

மீறிப் போனால் சட்டம் இருக்கிறது. வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லை பற்றிய விசாகா வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளைத் தொடர்ந்து, அந்தத் தொல்லையைத் தடுக்க வந்தது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், குழுவில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். குழு அமைக்காவிட்டால் ரூ.50,000 வரை அபராதம். பத்துப் பேருக்குக் குறைவான இடமோ, புகார் முதலாளி மீதோ என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். தோட்டம் கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில் இருந்தால், வேலைக்குப் போகிறவர் தேனிக்காரராகவே இருந்தாலும், இடுக்கி மாவட்டக் குழுவைத்தான் அணுக வேண்டும். இது தெரியாமல் அலைந்தே நாள் போய்விடுகிறது. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுதித்தர உதவுவது குழுவின் கடமை.

புகாரில் 'தப்பாகப் பேசினார்' என்று மட்டும் எழுதினால் விசாரணை நகராது. தேதி, நேரம், இடம், யார் யார் பக்கத்தில் இருந்தார்கள், என்ன சொன்னார் என்பதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். மலையாளத்தில் சொன்னால் அந்த மலையாளத்தையே தமிழ் எழுத்தில் எழுதலாம். கோபத்தில் செய்திகளை அழித்துவிடக் கூடாது. விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். அதற்குள் இடம் மாற்றம் வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டியது புகார் தந்த பெண். அவர் எழுதிக் கேட்காமல் அவரையே வேறு பிரிவுக்குத் தூக்கிப்போடுவது, புகார் கொடுத்ததற்குத் தண்டனை கொடுத்தது மாதிரி. சமரசம் பேசலாம், அதுவும் அந்தப் பெண் கேட்டால் மட்டும். பணம் கொடுத்துச் சமரசம் செய்வதைச் சட்டம் அனுமதிக்கவில்லை.

இந்தச் சட்டத்தில் ஆண் புகார் தர வழியில்லை. சங்கடப்படும் ஆண்களும் இருக்கிறார்கள். நிறுவனங்கள் தங்கள் பணி விதிகளில் அவர்களுக்கும் ஒரு வழி வைக்க வேண்டும்.

குழு அமைத்த உத்தரவை எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்பதும் சட்டமே. மேனேஜர் அறைக்குள், ஆங்கிலத்தில் ஒட்டினால் யார் படிப்பார்கள்? தமிழிலும் மலையாளத்திலும், பெரிய எழுத்தில், குழு உறுப்பினர்களின் பேரும் போன் நம்பரும், 3 மாதக் கெடுவும், எந்த மாவட்டக் குழு என்பதும் எழுதி, காய் பிரிக்கும் கூடத்திலும் பெண்கள் கழிப்பறை வாசலிலும் ஜீப்பின் உட்புறத்திலும் ஒட்டச் சொல்லி இரண்டு மாவட்ட ஆட்சியர்களும் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கம்பம், தேனி மாவட்டம்.