ஏசுறதை விட்டிட்டு ஏன் வரேல்ல எண்டு கேளுங்கோ

சுகாதார அமைச்சில இருக்கிற பெரியாக்களுக்கும், கொழும்பில டயலிசிஸ் யூனிட் நடத்துற டொக்டர்மாருக்கும்,

வணக்கம். வெள்ளவத்தையில இருந்து எழுதுறன். அப்பாக்கு டயலிசிஸ் (சிறுநீரகம் செய்யிற வேலைய மெஷின் செய்து, ரத்தத்தைச் சுத்தமாக்கி, உடம்பில சேந்த தண்ணியையும் எடுக்கிறது) தொடங்கி ரெண்டு வருஷமாகுது, கிழமைக்கு மூண்டு தரம், ஒவ்வொரு தரமும் நாலு மணித்தியாலம். எந்த ஆஸ்பத்திரி எண்டு சொல்லமாட்டன், ஆரையும் மாட்டிவிட எழுதேல்ல.

முதல் வருஷம் அப்பா அடிக்கடி போகாம நிண்டிடுவார், "இண்டைக்கு ஏலாது, அடுத்த முறை பாப்பம்" எண்டு. அடுத்த முறை போய்த் தராசில ஏறின உடனே ஏச்சு, நாலு கிலோ கூடியிருக்கு, தண்ணி குடிச்சனீங்கள் தானே எண்டு, அதுவும் சிங்களத்தில, அவருக்குப் பாதி விளங்கும் பாதி விளங்காது, தலைய ஆட்டிப்போட்டு வந்திடுவார். வீட்டில நாங்களும் ஏசினனாங்கள், பொய் சொல்லேல்ல.

ஏன் வரேல்ல எண்டு மட்டும் ஒருத்தரும் கேக்கேல்ல. கடைசியில கேட்டது ஹட்டன் பக்கத்தால ட்ரெயினிங்குக்கு வந்த ஒரு நேர்ஸ் பிள்ளை. மெஷின்ல இருக்கேக்க பக்கத்தில வந்து நிண்டு "ஐயா, உங்களுக்கு என்ன செய்யுது?" எண்டு தமிழில கேட்டிச்சுது. அப்பதான் எங்களுக்கே தெரிஞ்சது, மூண்டாவது மணித்தியாலத்தில கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குமாம், அந்தப் பயத்திலதான் மனுசன் ஒளிச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறார். ஒரு முறை விட்டா தண்ணி சேரும், சேந்ததெல்லாத்தையும் அதே நாலு மணித்தியாலத்துக்குள்ள இழுக்கோணும், அப்ப பிரஷர் விழும், கால் பிடிக்கும், நீங்க விடுறதாலதான் ஐயா கூடப் பிடிக்குது எண்டு அந்தப் பிள்ளை ஆறுதலா இருந்து விளங்கப்படுத்திச்சுது.

பிறகு அம்மாவோடயும் கதைச்சுது. தண்ணி குடிக்காத எண்டு சொன்னா தாகம் நிக்குமோ, தாகத்தைக் கொண்டு வாறதே உப்புத்தானே, கருவாடும் ஊறுகாயும் கடை ரோல்ஸும் நிண்டாத்தான் தண்ணியும் குறையும். சொந்தக்காரர் குளிர்ச்சி எண்டு கொண்டு வாற செவ்விளநியில பொட்டாசியம் கூட இருக்கு, டயலிசிஸ்காரருக்கு அது ரத்தத்தில கூடினா இதயத்தையே நிப்பாட்டவும் கூடும். (நாங்க கிழமைக்கு ரெண்டு குடுத்துக்கொண்டிருந்தனாங்கள், நினைச்சாலே பதறுது.) அதுக்குப் பிறகும் அப்பா ரெண்டு தரம் விட்டவர்தான், ஆனா ஏன் எண்டு வாய் திறந்து சொன்னார்.

நான் கேக்கிறது புது மெஷின் இல்ல. நோயாளி அந்த நாலு மணித்தியாலமும் முகட்டைப் பாத்துக்கொண்டு சும்மாதானே கிடக்கிறார், அந்த நேரத்தில பக்கத்தில இருந்து கதைக்க, தமிழும் தெரிஞ்ச ஒரு கவுன்சிலரை யூனிட்டுக்கு ஒராளா எண்டாலும் போடுங்கோ. வராத ஆளுக்கு அண்டைக்கே ஒரு கோல் எடுங்கோ. வீட்டில சமைக்கிற ஆளையும் கூப்பிட்டுக் கதையுங்கோ, லீஃப்லெட் குடுத்தா அது ஃப்ரிட்ஜுக்கு மேலதான் கிடக்கும்.

அப்பாக்குப் பக்கத்துக் கட்டில்ல, கிராண்ட்பாஸில இருந்து வாற அண்ணா போன மாசம் மூண்டு தரம் வரேல்ல. அவருக்குக் கால் பிடிப்பு இல்ல, த்ரீவீல் காசுதான் பிரச்சினை எண்டு நினைக்கிறன், ஆனா அவரிட்டயும் இன்னும் ஒருத்தரும் கேக்கேல்ல. முதல்ல அவரிட்டப் போங்கோ.

இப்படிக்கு,
ஒரு டயலிசிஸ் நோயாளியின்ர மகள்