கிளையோடு உரிமையும் கிராமத்துக்குப் போக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரங்களில் நன்றாக நடந்துவரும் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் தங்கள் செயல்பாட்டு எல்லையைக் கிராமப்புற வட்டாரங்களுக்கும் விரிவுபடுத்துவதை வரவேற்றுத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வணிக வங்கிகள் கிளைகளை மூடிக்கொண்டு வெளியேறும் இடங்களுக்கு உறுப்பினர்களே சொந்தமாக நடத்தும் ஒரு நிறுவனம் வந்து சேர்வது நல்ல செய்திதான். ஆனால் எத்தனை கிளைகள், எவ்வளவு வைப்புத்தொகை, என்னென்ன சேவைகள் என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது. புதிதாகச் சேரும் கிராமத்தார் சங்கத்தின் உரிமையாளர்களாகச் சேர்கிறார்களா, வெறும் வாடிக்கையாளர்களாகவா என்ற கேள்வியை அது எழுப்பவில்லை. கடன் குழு ஒன்றில் சில ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், விரிவாக்கம் வேரூன்றுவது பெரிதும் இந்தக் கேள்வியைப் பொறுத்தது என்று கருதுகிறேன்.

ஊரகக் கூட்டுறவுக் கடனின் தொடக்கக் காலமே இதைத்தான் காட்டுகிறது. ஜெர்மனியில் ஹெடஸ்டோர்ஃப் ஊரின் மேயராக இருந்த ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன், ஏழை உழவர்களுக்கு உதவுவதற்காக வசதி படைத்தவர்களின் ஆதரவை நம்பி முதலில் ஓர் அமைப்பை ஏற்படுத்தினார். அவர்களுடைய ஆர்வம் நாளடைவில் குறைந்ததைக் கண்டபின், கடன் வாங்குவோரே உறுப்பினர்களாகவும் பொறுப்பாளிகளாகவும் இருக்கும் சங்கத்தை 1864-இல் நிறுவினார். சங்கத்தின் எல்லையை ஒருவரையொருவர் அறிந்த சிறு வட்டத்துக்குள் அவர் நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. யார் உழைப்பாளி, யாருக்கு எந்தப் பருவத்தில் பணம் கைக்கு வரும், யார் வாங்கிய கடனை வேறு செலவில் கரைத்துவிடுவார் என்பதெல்லாம் ஊராருக்குத் தெரியும். சொத்துப் பத்திரம் இல்லாதவருக்கு அந்த அறிவே பிணையமாக நின்றது. கனடாவின் லெவி நகரில் 1900-இல் அல்ஃபோன்ஸ் டெஜார்டன் தொடங்கிய மக்கள் சேமிப்புச் சங்கமும் இப்படி அறிமுகமான சிறு வட்டத்தையே அடித்தளமாகக் கொண்டது. சென்னை மாகாண அரசுக்காக ஐரோப்பியச் சங்கங்களை ஆராய்ந்து 1890-களில் அறிக்கை அளித்த ஃபிரெடரிக் நிக்கல்சன், ரைஃபைசனைப் போன்ற ஒருவரைத் தேடிக் கண்டுபிடியுங்கள் என்றுதான் தம் முடிவைச் சொன்னார். மக்களோடு மக்களாக வாழ்பவர்களே கிராமக் கடனை நடத்த முடியும் என்பது அவருடைய தெளிவு.

அப்படியானால் ஒவ்வொரு கிராமமும் தனித்தனிச் சங்கமாகவே இருக்கட்டும் என்பது என் வாதம் அன்று. சிறிய ஊர்ச் சங்கத்துக்கு ஓர் அடிப்படைப் பலவீனம் உண்டு. மழை பொய்த்தாலோ விளைபொருள் விலை சரிந்தாலோ எல்லா உறுப்பினர்களும் ஒரே நேரத்தில் பாதிக்கப்படுகிறார்கள். கடன் தவணைகள் நிற்கும் அதே மாதத்தில் சேமித்தவர்களும் பணத்தை எடுக்க வருகிறார்கள். எவ்வளவு நேர்மையான நிர்வாகமும் இதைத் தனியாகத் தாங்க முடியாது. ரைஃபைசனே இதை உணர்ந்து, ஓர் ஊரின் உபரியை மற்றோர் ஊரின் பற்றாக்குறைக்குத் திருப்பிவிடும் வட்டார வங்கியை 1872-இல் உருவாக்கினார். மாதச் சம்பளக்காரர்களும் சிறு வணிகர்களும் உள்ள நகரச் சங்கம் கிராமத்தோடு இணைந்தால் இந்த ஆபத்து பகிரப்படும். விரிவாக்கத்தை ஆதரிக்க எனக்கு இருக்கும் வலுவான காரணம் இதுவே.

ஆனால் எல்லை விரிய விரிய அந்த நேரடி அறிமுகம் மெலிகிறது. அதன் இடத்தைத் தலைமை அலுவலகத்தின் படிவங்கள் பிடித்துக்கொள்கின்றன. சம்பளச் சான்று கேட்கும் படிவத்தில் உழவருக்கு இடம் இல்லை. பாட்டனார் பெயரிலேயே நிற்கும் நிலத்தைப் பல தலைமுறையாக உழுபவர், பத்திரத்தைப் பார்த்து முடிவு செய்பவருக்கு நிலமற்றவராகத் தெரிகிறார். மாதத் தவணை என்ற ஏற்பாடே பிரச்சினைதான்: அறுவடைக்குப் பின் மொத்தமாகக் கட்டக்கூடியவரை மாதந்தோறும் கட்டச் சொன்னால், அவர் தவணை கட்டவே வெளியில் வட்டிக்கு வாங்குவார். பால் விற்பவருக்கோ வாரத் தவணையே எளிது. இந்த வேறுபாடுகளை அறிந்தவர்கள் அந்தந்த வட்டாரத்தில்தான் இருக்கிறார்கள். எனவே ஒரு குறிப்பிட்ட வரம்பு வரை கடன் வழங்கும் அதிகாரம், அந்த வட்டார உறுப்பினர்களைக் கொண்ட குழுவிடம் இருக்க வேண்டும். அறிமுகம் சலுகையாக மாறாமலிருக்க, குழுவில் இருப்பவர் தம் உறவினரின் விண்ணப்பத்தில் முடிவெடுக்கக் கூடாது என்ற விதியும், ஆண்டுதோறும் வெளித் தணிக்கையும் அவசியம்.

வாக்குரிமையிலும் கவனம் தேவை. ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பது கூட்டுறவின் உயிர்நாடி. அதை மாற்றச் சொல்லவில்லை. ஆயினும் எண்ணிக்கையில் மிகுந்த நகர உறுப்பினர்கள் நகரத்து மண்டபத்திலேயே பொதுப்பேரவையைக் கூட்டினால், கிராமத்தாரின் வாக்கு காகிதத்தில் மட்டுமே இருக்கும். வட்டார வாரியாகக் கூட்டம் நடத்திப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பதும், நிர்வாகக் குழுவில் புதிய வட்டாரத்துக்கு இடம் ஒதுக்குவதும் துணைவிதிகளில் முதல் நாளிலேயே எழுதப்பட வேண்டியவை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், அந்தத் திருத்தத்தை நிறைவேற்றவும் அதே பெரும்பான்மையின் தயவு வேண்டியிருக்கும்.

கைப்பேசிச் செயலி இருக்கக் கிளை எதற்கு என்றும் சிலர் கேட்கிறார்கள். பணம் அனுப்பச் செயலி போதும். பயிர் அழிந்தவர் தவணையைத் தள்ளிவைக்கக் கேட்பதற்கு ஒரு மனிதர் எதிரில் இருக்க வேண்டும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது பணம் பாயும் திசை. கிராமத்தில் திரட்டிய சேமிப்பு நகரத்து வீட்டுக் கடனாகவும் வாகனக் கடனாகவும் போய்விட்டால், வெளியேறிய வங்கி செய்துவந்ததையே சங்கமும் செய்வதாகிவிடும். மொத்தக் கணக்கில் இது தெரியாது. வைப்பையும் கடனையும் வட்டார வாரியாகப் பிரித்து வெளியிட்டால்தான் தெரியும். இன்னொரு பக்கம், புதிய கிளை தன் செலவைத் தானே ஈட்டச் சில ஆண்டுகள் ஆகும், அதுவரை பங்கு ஈவு குறையலாம் என்பதைப் பழைய உறுப்பினர்களிடமும் மறைக்காமல் சொல்லி, அவர்களுடைய ஒப்புதலைப் பெற வேண்டும்.

இந்த விரிவாக்கம் குறித்துத் தாங்கள் மீண்டும் எழுதும்போது, கிராமக் கிளைகளில் கடனை முடிவு செய்பவர் யார், நிர்வாகக் குழுவில் அவ்வட்டாரத்தார் எத்தனை பேர், அங்கே திரட்டிய தொகையில் எவ்வளவு அங்கேயே கடனாகத் திரும்பியது என்று சங்க நிர்வாகிகளிடம் கேட்டு, அவர்கள் தரும் பதிலை அப்படியே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றின் முன்னாள் கடன் குழு உறுப்பினர்